எடை எங்கே போயிற்று?

2008-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ‘மேக்வேர்ல்டு’ என்னும் கணினிக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மேடையில் நின்ற ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகங்களில் தாள்களை இட்டு அனுப்பும் பழுப்பு நிறக் காகித உறை ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் வாயைத் திறந்தார். உள்ளிருந்து வெளிவந்தது தாள் அன்று. திரையும் விசைப்பலகையும் கொண்ட முழுமையான ஒரு மடிக்கணினி! அரங்கில் கையொலி எழுந்தது.

அந்தக் கணினியின் பெயர் ‘மேக்புக் ஏர்’. ‘ஏர்’ என்றால் காற்று. அதன் எடை 1.36 கிலோகிராம். மிகத் தடித்த இடத்தில் அதன் தடிமன் 19.4 மில்லிமீட்டர், மெலிந்த விளிம்பிலோ வெறும் 4 மில்லிமீட்டர்! அதே நிறுவனம் அப்போது விற்றுவந்த சாதாரண மேக்புக்கின் எடை 2.27 கிலோகிராம். இரண்டிலும் திரையின் அளவு ஒன்றே: 13.3 அங்குலம். ஆக, 910 கிராம் எடை காணாமற் போயிருந்தது. (கிலோகிராமில் சொல்வது நிறை அல்லவா, எடை என்று எழுதலாமா என்று என் சக ஆசிரியர்கள் கேட்கக்கூடும். கடைத்தெருவில் எல்லாரும் எடை என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.)

நிறை அழியாது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அந்த 910 கிராம் எங்கே போயிற்று?

இது வேடிக்கைக் கேள்வி அன்று. ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த மடிக்கணினிகள் இன்று விற்பனைக்கு வந்துவிட்டன. பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரியில் சேரும்போது உங்களில் பலர் இத்தகைய ஒன்றை வாங்க விரும்புவீர்கள். வீட்டில் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போகும். பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் அதனோடுதான் காலம் தள்ளவேண்டும். ஆகவே அந்த 910 கிராமைச் சற்றுத் தேடிப் பார்ப்போம், வாருங்கள்.

பிடுங்கியவையும் ஈட்டியவையும்

முதலில் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். சாதாரண மேக்புக்கில் டி.வி.டி. தட்டுகளைச் சுழற்றிப் படிக்கும் கருவி இருந்தது; ஏரில் அது இல்லை. கம்பி வழியே வலையமைப்போடு இணைக்கும் ஈதர்நெட் செருகுவாய் இல்லை. யு.எஸ்.பி. செருகுவாய் ஒன்றே ஒன்று. பாட்டரியின் கொள்ளளவு 55 வாட்-மணியிலிருந்து 37 வாட்-மணியாகக் குறைந்தது. அதையும் பயன்படுத்துவோர் தாமே கழற்றி மாற்ற முடியாது. வன்தட்டு 1.8 அங்குலக் குட்டித் தட்டு. அது நிமிடத்துக்கு 4,200 சுற்றுகள்தாம் சுழலும் என்பதால் மெதுவாகவே வேலை செய்யும். நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பின்னாளில் கூட்டிக்கொள்ள வழியில்லை. இத்தனையும் குறைந்த அந்தக் கணினியின் விலை 1,799 டாலர். சாதாரண மேக்புக் 1,099 டாலருக்கே கிடைத்தது.

பொருள் குறைந்தது, விலை கூடிற்று! இது என்ன நியாயம் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் முழுவதும் அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. இன்டெல் நிறுவனம் இந்தக் கணினிக்கென்றே தன் செயலியின் உறையை ஏறத்தாழ 60 விழுக்காடு சிறிதாக்கித் தந்தது. திரைக்குப் பின்னால் ஒளி தருவதற்குப் பாதரச விளக்குக் குழல்களை நீக்கிவிட்டு ஒளி உமிழ் டையோடுகளை அமைத்தார்கள். இவையெல்லாம் அறிவால் ஈட்டிய எடைக்குறைப்பு. டி.வி.டி. கருவியையும் செருகுவாய்களையும் நீக்கியதோ, பயன்படுத்துவோர் கையிலிருந்து பிடுங்கிய எடைக்குறைப்பு. எந்த மெல்லிய மடிக்கணினியை எடுத்துக்கொண்டாலும் அதன் எடைக்குறைப்பில் இந்த இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வாங்குபவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

பிடுங்கியவற்றிலும் எல்லாமே நட்டம் என்று சொல்ல மாட்டேன். டி.வி.டி. கருவியை இன்று யார் தேடுகிறார்கள்? 2008-இல் குறையாகத் தோன்றியது சில ஆண்டுகளிலேயே குறையாக இல்லாமற் போயிற்று. செருகுவாய்களின் கதை வேறு. அவற்றின் தேவை தீரவில்லை. ஆகவே இணைப்புக் கம்பிகளும் பிரிப்பான்களும் தனியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கணினியை விட்டு வெளியேறிய எடை பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

எடையைக் குறைக்கும் ஆசை புதிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1981-இல் வந்த ‘ஆஸ்போர்ன் 1’ என்னும் தூக்கிச் செல்லும் கணினி சுமார் 11 கிலோகிராம். அடுத்த ஆண்டில் வந்த ‘கிரிட் காம்பஸ்’ ஏறத்தாழ 5 கிலோகிராம். அதன் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. விண்வெளி ஓடங்களிலும் அது பயணம் செய்திருக்கிறது. 1988-இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் அறிவித்த ‘அல்ட்ராலைட்’ 2 கிலோகிராம் அளவுக்கு இறங்கியது. எப்படி? நெகிழ்தட்டுக் கருவியையும் வன்தட்டையும் நீக்கிவிட்டார்கள்! இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஏரும் ஏறத்தாழ இதே உத்தியைத்தான் கையாண்டது.

பாட்டரியின் கணக்கு

மடிக்கணினியின் எடையில் கணிசமான பங்கு பாட்டரியுடையது. அதன் கொள்ளளவை வாட்-மணியில் சொல்வார்கள். ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் தரும் ஆற்றல் ஒரு வாட்-மணி, அதாவது 3,600 ஜூல்.

2008-இன் ஏரை எடுத்துக்கொள்வோம். பாட்டரி 37 வாட்-மணி. ஐந்து மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் கூறியது. 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4 வாட். அந்தக் கணினி சராசரியாக எடுத்துக்கொண்ட திறன் இவ்வளவுதான். வீட்டில் எரியும் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்குக்கு ஒப்பானது.

அது பத்து மணி நேரம் ஓடவேண்டுமானால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. பாட்டரியை இரட்டிப்பாக்கலாம். அக்காலத்து லித்தியம் மின்கலங்கள் கிலோகிராமுக்கு 150 முதல் 200 வாட்-மணி வரை தேக்கின. ஆகவே இன்னொரு 37 வாட்-மணிக்கு 200 கிராமுக்குச் சற்றுக் குறையவோ கூடவோ எடை ஏறும். மற்றொரு வழி, கணினி எடுத்துக்கொள்ளும் திறனைப் பாதியாக்குவது. இதில் ஒரு கிராம்கூட ஏறாது.

இரண்டாவது வழிதான் உண்மையில் வென்றது. மின்கலங்களும் முன்னேறின, ஆனால் மெல்ல மெல்லத்தான். சிலிக்கான் சில்லுகள் முன்னேறிய வேகமே வேறு. ஒரு சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய மின்தேக்கிபோல மின்னேற்றம் பெற்று இறங்குகிறது. மின்தேக்கியில் சேரும் ஆற்றல் அதன் மின்தேக்குதிறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது என்பதை மேல்நிலை வகுப்பில் படிப்பீர்கள். டிரான்சிஸ்டர் சிறிதானால் மின்தேக்குதிறன் குறையும். அது வேலை செய்யத் தேவையான மின்னழுத்தமும் குறையும். மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்கானால் ஆற்றல் ஒன்பதில் நான்கு பங்காகிவிடும். இருமடியின் மகிமை அது!

சுழலும் வன்தட்டின் இடத்தில் மின்னணு நினைவகம் வந்ததும் பெரிய உதவி. 2008-இலேயே அத்தகைய 64 கிகாபைட் நினைவகம் பொருத்திய ஏர் ஒன்றும் விற்பனைக்கு வந்தது. விரைவான செயலியும் சேர்ந்த அதன் விலை 3,098 டாலர்! 2010 அக்டோபரில் வந்த புதிய ஏர்களில் வன்தட்டே கிடையாது. எல்லாவற்றிலும் மின்னணு நினைவகம்தான். அவற்றுள் சிறியதான 11.6 அங்குல ஏரின் எடை 1.06 கிலோகிராம், விலை 999 டாலர். சுழலும் உறுப்பு இல்லாததால் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டாம். பேருந்துக் குலுக்கலில் தட்டு கீறிவிடுமோ என்ற அச்சமும் இல்லை. மெல்லிய மடிக்கணினியை நான் மனமாரப் பாராட்டுவது இந்த இடத்தில்தான். இங்கே யாரிடமிருந்தும் எதுவும் பிடுங்கப்படவில்லை.

2020 நவம்பரில் வந்த ஏர், ‘எம்1’ என்னும் செயலியைக் கொண்டது. எடை 1.29 கிலோகிராம், பாட்டரி 49.9 வாட்-மணி, இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் 15 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கூற்று. வகுத்துப் பாருங்கள்: 3.3 வாட்! பன்னிரண்டு ஆண்டுகளில் 7.4-லிருந்து 3.3-க்கு இறங்கிவிட்டது. கணக்கிடும் வேகமோ பல மடங்கு உயர்ந்திருக்கிறது. இத்தகைய மணிக்கணக்குகள் திரையின் ஒளியை முழுவதும் கூட்டாமல் சோதித்துச் சொல்லப்படுபவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான இடத்தில் ஒளியைக் கூட்டி வைத்தால் மணிகள் குறையும்.

49.9 வாட்-மணி என்பது சுமார் 1,80,000 ஜூல், அதாவது ஏறத்தாழ 43 கிலோகலோரி. சிறிய இட்லி ஒன்று உடலுக்குத் தரும் ஆற்றல் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஓர் இட்லியைக் கொண்டு பதினைந்து மணி நேரம் வேலை செய்யும் கணினி!

வெப்பம் போக வழி எங்கே?

கணினி எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் கடைசியில் என்ன ஆகிறது? திரையிலிருந்து சிறிது ஒளியாகப் போகிறது. மற்றதெல்லாம் வெப்பம்தான். நீங்கள் கட்டுரை எழுதினாலும் கணக்குப் போட்டாலும் கணினியைப் பொறுத்தவரை அது ஒரு சிறிய மின் அடுப்பு. அந்த வெப்பம் வெளியே போயாக வேண்டும். மெல்லிய கணினியின் உண்மையான சோதனை இங்கேதான் தொடங்குகிறது.

தடித்த கணினிகளில் ஒரு விசிறி இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து, சூடான உலோக இதழ்களின் வழியே தள்ளி வெளியேற்றும். விசிறிக்கும் காற்று செல்லும் பாதைக்கும் இடம் வேண்டும். 2020-இன் ஏரில் விசிறியே இல்லை. வெப்பம் செயலியிலிருந்து அலுமினியக் கூட்டுக்குப் பரவி, கூட்டின் பரப்பிலிருந்து காற்றுக்குப் போகவேண்டும், வேறு வழியில்லை. பிளாஸ்டிக்கைவிட அலுமினியம் சுமார் ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே கூடு முழுவதும் வெப்பம் பரவுகிறது. சரி, பரவிய வெப்பம் எவ்வளவு வேகத்தில் வெளியேறும்?

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். அந்தக் கணினியின் நீளம் 30.4 சென்டிமீட்டர், அகலம் 21.2 சென்டிமீட்டர். மேல் பரப்பு சுமார் 0.065 சதுரமீட்டர். அடிப்பரப்பு மேசையோடு ஒட்டியிருப்பதால் அதை விட்டுவிடுவோம். காற்றோட்டமில்லாத அறையில் வெப்பச்சலனமும் கதிர்வீச்சும் சேர்ந்து, ஒரு சதுரமீட்டர் பரப்பிலிருந்து, ஒவ்வொரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 10 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கூடு 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் கை வைக்கச் சிரமமாக இருக்கும். எனவே அதையே எல்லையாகக் கொள்வோம்.

அறையின் வெப்பநிலை 25 டிகிரி என்றால் வேறுபாடு 20 டிகிரி. 10 × 0.065 × 20 = 13 வாட். இந்த அளவுக்குக் கணினி தொடர்ந்து உழைக்கலாம்.

இப்போது நம் ஊரின் மே மாதத்து அறைக்கு வாருங்கள். வெப்பநிலை 35 டிகிரி. வேறுபாடு 10 டிகிரிதான். கிடைப்பது 6.5 வாட், சரி பாதி! அதே கணினி, அதே செயலி. குளிரூட்டிய அறையில் இருந்த உழைப்புத் திறனில் பாதிதான் நம் வெயில் காலத்தில் கைக்கு வருகிறது. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்? கணினி வெடித்துவிடாது, அஞ்ச வேண்டாம். உள்ளே இருக்கும் வெப்ப உணரிகள் எச்சரிக்கும்; செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடிதம் எழுதுவது, பாடம் படிப்பது, படம் பார்ப்பது போன்றவற்றுக்கு மூன்று நான்கு வாட் போதும் என்பதால் இந்தத் தளர்ச்சியை நீங்கள் உணரவே மாட்டீர்கள். ஒரு நீண்ட காணொளியைத் தொகுக்கும்போதோ பொறியியல் மாதிரிக் கணக்கு ஒன்றை மணிக்கணக்கில் ஓட்டும்போதோதான் தெரியும். முதற்சில நிமிடங்கள் மின்னலாய் ஓடும் இயந்திரம், பிறகு நடக்கத் தொடங்கும். விசிறி பூட்டிய தடித்த கணினியோ கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நூறு மீட்டர் ஓட்டக்காரருக்கும் நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

விசிறி இல்லாமையில் நன்மையும் உண்டு. ஓசை இல்லை. நம் தெருக்களின் புழுதியை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும் சங்கடமும் இல்லை. விசிறி உள்ள கணினிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தூசி படிந்து திணறுவதைக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பார்க்கலாம். எந்தக் கணினியானாலும் பஞ்சு மெத்தையின் மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். பஞ்சு நல்ல வெப்பக் காப்பான்.

அடிகோலைக் கொண்டு ஒரு சோதனை

உங்கள் மர அடிகோலை எடுத்து, ஒரு முனையை மேசையோரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையைத் தட்டையாக இருக்கும் நிலையில் அமுக்குங்கள். எளிதில் வளைகிறது. இப்போது அதே கோலை விளிம்பின்மேல் நிறுத்திப் பிடித்து அமுக்குங்கள். அசையாது! மரமும் அதுவே, கையும் அதுவே. ஒரு சட்டத்தின் வளையாத தன்மை அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கிறது. 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கோல் விளிம்பில் நிற்கும்போது நூறு மடங்கு விறைப்பாகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்.

மெல்லிய மடிக்கணினியை வடிவமைப்பவருக்கு இந்த மும்மடி விதி ஒரு தலைவலி. தகட்டைப் பாதித் தடிமனாக்கினால் எடை பாதியாகும். விறைப்போ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாலே நெளியும்; உள்ளே பலகையில் பற்றவைத்த இணைப்புகள் விரிசல் காணும். இதைச் சமாளிக்க ஒரு வழி, பல தகடுகளைத் திருகாணியால் பூட்டாமல் அலுமினியப் பாளம் ஒன்றையே குடைந்து கூடாக்குவது. மற்றொரு வழி, பொருளை மாற்றுவது.

இங்கே ஒரு சுவையான செய்தி. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்துக்கு 1.74. யங் குணகத்திலோ அலுமினியமே உயர்ந்தது: அலுமினியம் 70, மக்னீசியம் 45 கிகாபாஸ்கல். இழுத்துப் பார்த்தால் மக்னீசியம் இளைத்தது. ஆனால் மும்மடி விதி அதற்குக் கை கொடுக்கிறது. அலுமினியத் தகட்டின் அதே விறைப்பைப் பெற மக்னீசியத் தகடு 16 விழுக்காடு மட்டுமே கூடுதலான தடிமன் கொண்டிருந்தால் போதும். அப்போதும் எடை கால் பங்கு குறைவாகவே இருக்கும். தென்கொரியாவின் எல்.ஜி. நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘கிராம்’ என்னும் 13 அங்குல மடிக்கணினி 980 கிராம்தான் இருந்தது. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்! அதன் வழிவந்த கணினிகளும் மக்னீசியக் கலவையையே பெரிதும் நம்புகின்றன. எடையை மேலும் குறைக்கத் தகட்டை அலுமினியத்தின் தடிமனுக்கே மெலிதாக்கினால், விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கடையில் விசைப்பலகையின் நடுவே விரலால் அழுத்திப் பார்த்தால் நெளிவு தெரியும். இது குறைதான், பெருங்குறை என்று நான் கருதவில்லை. நெளிந்து நிமிர்வது சில சமயம் உடையாமல் காப்பதும் உண்டு.

தூசித் துகள் சொன்ன பாடம்

மெலிதாக்கும் ஆசை அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2015-இல் ஆப்பிள் நிறுவனம் ஏரைவிடவும் மெல்லிய 12 அங்குல மேக்புக்கை வெளியிட்டது. எடை 920 கிராம். தடித்த இடத்திலும் 13.1 மில்லிமீட்டர்தான். மின்னேற்றம் செய்யவும் மற்றக் கருவிகளை இணைக்கவும் சேர்த்து ஒரே ஒரு செருகுவாய். உண்பதற்கும் பேசுவதற்கும் நமக்கு ஒரே வாய் இருப்பது போலத்தான்!

அதன் விசைப்பலகையை மெலிதாக்குவதற்காக விசைகளின் அடியில் வழக்கமாக இருக்கும் கத்தரிக்கோல் வடிவ அமைப்பை விட்டுவிட்டு, வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற புதிய அமைப்பைப் புகுத்தினார்கள். விசை கீழே இறங்கும் தூரம் மிகவும் குறைந்தது. பிறகு அதே அமைப்பை மற்ற மடிக்கணினிகளிலும், 2018-இல் வந்த ஏரிலும் வைத்தார்கள். விளைவு என்ன? இடைவெளி அவ்வளவு குறுகியதால் ஒரு சிறு துகள் புகுந்தாலே விசை சிக்கிக்கொண்டது. அல்லது ஒருமுறை அழுத்தினால் எழுத்து இருமுறை விழுந்தது. ஒரு விசைக்காக விசைப்பலகைப் பகுதி முழுவதையும், அதனோடு ஒட்டியிருந்த பாட்டரியையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது. முறையீடுகள் பெருகின. 2018 ஜூனில் நிறுவனம் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய கத்தரிக்கோல் அமைப்பு திரும்பி வந்தது. அடுத்த ஆண்டில் ஏருக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ள 5 கோடி டாலர் தருவதாக 2022-இல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிழையே தங்களிடம் இல்லை என்ற நிலையை அது கைவிடவில்லை என்பது வேறு கதை.

மில்லிமீட்டரில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது. விசையை அழுத்தும் விரலுக்கு ஓர் ஆழம் வேண்டும். தூசிக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வீணென்று நினைத்துவிட்டார்கள்.

ஒட்டிய பாட்டரியும் பற்றவைத்த நினைவகமும்

மெல்லிய கணினிகளைப் பற்றிய பெரிய மனக்குறை இனிமேல்தான் வருகிறது. திருகாணிக்குப் பதில் பசை. செருகும் நினைவகத்துக்குப் பதில் பற்றவைத்த நினைவகம். பாட்டரி என்பது தேயும் பொருள். 2008-இன் ஏருக்கு 300 முறை மின்னேற்றச் சுழற்சிகளும், 2010-க்குப் பின் வந்தவற்றுக்கு 1,000 சுழற்சிகளும் ஆயுள் வரம்பாக நிறுவனமே குறித்திருந்தது. அதற்குப் பின் பாட்டரி உடனே செத்துவிடாது. கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். நான்காண்டுப் படிப்பின் கடைசி ஆண்டில் உங்களுக்கு ஒரு புதிய பாட்டரி தேவைப்படலாம். அது பசையால் ஒட்டப்பட்டிருந்தால் வேலையும் செலவும் கூடுதல்.

எடையைக் குறைக்க இது தவிர்க்க முடியாத விலையா? நினைவகத்தின் வகையில் ஓரளவு ஆம் என்பேன். செயலிக்கு மிக அருகே பற்றவைத்தால் கம்பிகளின் நீளம் குறைகிறது. குறைந்த மின்னழுத்தத்தில் வேகமாக வேலை நடக்கிறது. பாட்டரி நேரம் நீள்கிறது. அங்கே ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. பசைக்கு அப்படியொரு காரணம் சொல்வது கடினம். 2021-இல் அமெரிக்காவின் ‘ஃபிரேம்வொர்க்’ நிறுவனம் ஒரு 13.5 அங்குல மடிக்கணினியை வெளியிட்டது. எடை 1.3 கிலோகிராம், தடிமன் 15.85 மில்லிமீட்டர். ஓராண்டு முன்பு வந்த எம்1 ஏரின் அளவுகளோடு ஒப்பிடுங்கள்: 1.29 கிலோகிராம், 16.1 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒன்றே! ஆனால் ஃபிரேம்வொர்க்கில் பாட்டரி, நினைவகம், திரை, விசைப்பலகை, செருகுவாய்கள் வரை எல்லாவற்றையும் ஒரே ஒரு திருப்புளியைக் கொண்டு வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். அதில் விசிறி உண்டு. 55 வாட்-மணி பாட்டரி இருந்தும் ஏர் அளவுக்கு நேரம் ஓடாது. அது செயலியின் குறை. திருகாணியின் குறை அன்று.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பாட்டரி ஒழுங்குமுறை, கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பாட்டரிகளைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும் வகையில் அமைக்க வேண்டுமென்று விதித்து, அதற்கு 2027 பிப்ரவரியைத் தொடக்கமாகக் குறித்தது. அதே 2023-இன் இறுதியில், குறைந்த மின்னழுத்த நினைவகத்தையும் கழற்றி மாட்டக்கூடிய தட்டையான வடிவில் தரும் ‘கேம்-2’ என்னும் புதிய தரத்தை ‘ஜெடெக்’ என்னும் தொழில்துறை அமைப்பு வெளியிட்டது. பற்றவைப்பதற்கு இருந்த இயற்பியல் காரணமும் மெல்ல வலுவிழந்து வருகிறது.

வாங்கும்போது

தினந்தோறும் பேருந்திலோ மிதிவண்டியிலோ கணினியைச் சுமந்து செல்லும் மாணவருக்கு, எழுத்தும் படிப்பும் நிரல் பயிற்சியும் முக்கியம் என்றால், எடை குறைந்த கணினிக்கே என் வாக்கு. புத்தகங்களும் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீரும் ஏற்கெனவே தோளை அழுத்தும்போது 900 கிராம் குறைவது சிறிய காரியமன்று. விடுதி அறையின் மேசையிலேயே பெரும்பாலும் இருக்கப்போகும் கணினிக்குக் கூடுதல் விலை கொடுத்து மெலிவை வாங்குவது வீண். வடிவமைப்புப் படங்கள், நீண்ட கணக்குகள் என்று போகிறவர் இரண்டு கிலோகிராம் ஆனாலும் விசிறி உள்ளதையே தேடட்டும்.

நினைவகம் பற்றவைத்த கணினியானால், வாங்கும் நாளிலேயே நான்காண்டுத் தேவைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு வழியில்லை. எடையைக் கேட்கும்போது மின்னேற்றியையும் இணைப்புக் கருவிகளையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டரியைப் பற்றிக் கேட்டால் சில கடைக்காரர்கள் மில்லி ஆம்பியர்-மணி என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அது ஆற்றல் அன்று, மின்னூட்டம். வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். எம்1 ஏரின் பாட்டரி 11.4 வோல்ட், 4,379 மில்லி ஆம்பியர்-மணி, பெருக்கினால் 49.9 வாட்-மணி. உங்கள் வீட்டுக் கைப்பேசியின் பாட்டரியில் 5,000 என்று பெரிய எண் இருக்கலாம். ஆனால் அதன் மின்னழுத்தம் 3.85 வோல்ட் அளவுதான்; ஆற்றல் 19 வாட்-மணிக்குச் சற்று அதிகம், அவ்வளவே.